பொலிப் என்றதும் மஹரகம என்று சொல்லாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வயிறு, மலம், இரத்தம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறோம். வாசிக்கக் கூச்சமாக இருக்கிறவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சாகாமத்துப் பக்கம் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். எங்களிடம் படித்த ஒரு பிள்ளை. பெயர், ஊர், பாடசாலை எதுவும் வேண்டாம். அவளும் உம்மா வாப்பாவும் சம்மதித்ததால்தான் எழுதுகிறோம். உயர்தர வகுப்பு. பாடம் தொடங்கிக் கால் மணித்தியாலம் போகாது, எழும்பி நிற்பாள். "சேர், வெளிய போகட்டா?" முதல் இரண்டு கிழமை விட்டோம். பிறகு "இப்பதானே புள்ள போயிற்று வந்த?" என்று கேட்கத் தொடங்கினோம். பாடம் பிடிக்காமல் ஒளிகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தோம். ஒரு நாள் அவளை விடவில்லை. அன்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவள், அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

வீட்டில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழெட்டு மாதமாக மலத்தோடு இரத்தமும் சளியும் போயிருக்கிறது. அதை உம்மாவிடம் சொல்லவே அவளுக்கு இரண்டு மாதம் எடுத்திருக்கிறது. உம்மா "சூடு" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்தார். மூத்தம்மா "மூலம்" என்றார், பரிசாரியிடம் மருந்து எடுத்தார்கள். இன்னொருவர் கண்ணேறு என்றார், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். பார்மசியில் வயிற்றுளைவு மாத்திரை வாங்கினார்கள். கொஞ்சம் நின்றது, பத்து நாளில் திரும்ப வந்தது. வாப்பாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. பொம்புளப் புள்ளட விசயமாம்.

கடைசியில் ஒரு நாள் மயங்கி விழுந்துதான் வைத்தியசாலைக்குப் போனாள். உடம்பில் இரத்தமே இல்லை. கொலனோஸ்கோபி செய்தார்கள், சதைத்துண்டு எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடலில் புண்கள், இடையிடையே அழற்சிப் பொலிப்புகள் என்று ரிப்போட் வந்தது.

"பொலிப்" என்ற அந்த ஒரு சொல் வைத்தியசாலையில் இருந்து ஊருக்கு வருவதற்குள் கட்டி ஆகிவிட்டது. கட்டி, புற்றுநோய் ஆகிவிட்டது. "மஹரகமவுக்குக் கொண்டு போகப் போறாங்களாம்" என்றார்கள். மஹரகம நல்ல சிகிச்சை தரும் வைத்தியசாலை உள்ள ஊர். நாம் அந்த ஊரின் பெயரையே ஒரு நோயின் பெயராக ஆக்கி வைத்திருக்கிறோம். பேசிவந்த ஒரு கலியாணப் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாத்திரையை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தார்கள். கிளினிக் கொப்பியை யாரும் பார்த்துவிடுவார்கள் என்று கிளினிக்குக்குப் போவதை விட்டார்கள். உடம்பும் நன்றாகத்தான் இருந்தது, மாத்திரையையும் விட்டார்கள். மூன்று மாதத்தில் முன்னதை விட மோசமாக நோய் திரும்பியது.

இதில் ஊரின் பிழை இருக்கிறது, எங்கள் பிழையும் இருக்கிறது. ஆகவே முதலில் அந்த ரிப்போட்டில் என்ன இருந்தது என்பதை நாமே விளங்கிக்கொள்வோம்.

பொலிப் என்பது குடலின் உட்சுவரில் இருந்து துருத்திக்கொண்டு நிற்கும் சதை. அதில் பல வகை உண்டு. அடினோமா என்ற ஒரு வகை, காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடியது. அதைக் கண்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அழற்சிப் பொலிப் வேறு வகை. நமது வயலை நினைத்துப் பாருங்கள். பெருவெள்ளம் வந்து மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனபின் அங்கங்கே சில மண்திட்டுகள் மட்டும் உயர்ந்து நிற்கும். திட்டு புதிதாக முளைத்ததல்ல, சுற்றியிருந்த மண் போனதால் உயரமாகத் தெரிகிறது. குடலில் புண் வந்து உட்தோலை அரித்தபின் மிஞ்சிய தோல் இப்படித்தான் நிற்கும். பிறகு புண் ஆறும்போது அந்த இடத்தில் தோல் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தும் விடும். அதனால்தான் மருத்துவர்கள் இதைப் போலிப் பொலிப் என்றும் சொல்வார்கள்.

அதாவது, பொலிப் இங்கே நோயல்ல. வெள்ளம் வந்து போனதன் அடையாளம். திட்டை மட்டும் வெட்டிச் சமப்படுத்திவிட்டு வெள்ளம் வந்த வழியை அடைக்காமல் விட்டால் அடுத்த மாரிக்கும் அதே கதைதான்.

அந்த வெள்ளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சியில் இருந்து. அடுத்தது க்ரோன்ஸ் நோய். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பித் தன் குடலையே தாக்குகிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. பரம்பரைக்கும், குடலில் வாழும் கிருமிகளின் மாற்றத்துக்கும், வாழும் சூழலுக்கும் அதில் பங்கு இருக்கிறது. தொற்றும் நோயல்ல. ஒரே கோப்பையில் சாப்பிட்டால் வராது. உறைப்புக் கறியால் வருவதும் அல்ல, பாவத்தின் தண்டனையும் அல்ல.

வேறு காரணங்களும் உண்டு. அமீபா வயிற்றுளைவு முற்றினால் குடலில் கட்டி போன்ற வீக்கம் வரும். குடலில் காசநோய் வந்தாலும் புண்ணும் பொலிப்பும் வரும். இன்னும் அரிதாக, சளித் தொப்பி போட்டதுபோல் மேலே படலம் மூடிய "கேப் பொலிப்" என்று ஒன்று உண்டு. 1985இல் லண்டன் மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். நீண்டகாலம் மலச்சிக்கலோடு முக்கி முக்கிப் போவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். கண்ணுக்கு இவை எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியலாம். சிகிச்சை வேறு வேறு. அதனால்தான் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கிறார்கள். பயோப்ஸி என்றதும் "கென்சரா எண்டு பாக்கத்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். எந்த நோய் என்று அறியத்தான் அந்தச் சோதனை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொலைட்டிஸுக்கு பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்து கொடுப்பார்கள். அமீபா இருக்கும் குடலுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்கு ஆபத்து வரலாம். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். இந்த நோயில் அது உயிரோடு விளையாடுவது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனக் வகை மாத்திரைகளும் அடங்கியிருக்கும் கொலைட்டிஸைக் கிளப்பிவிடலாம். வலி மாத்திரை வேண்டுமென்றால் டொக்டரிடம் கேட்டு எடுங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரனின் நோய், நம்மட ஆக்களுக்கு எங்க வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த மதுனில் நிரியெல்ல, ஜனக டி சில்வா முதலானவர்கள் கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் செய்த கணக்கெடுப்பு 2010இல் வெளிவந்தது. மொத்தம் 295 நோயாளிகள். அதில் 240 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், 55 பேருக்கு க்ரோன்ஸ். ஒரு இலட்சம் பேருக்கு 5.3 பேர் கொலைட்டிஸ் நோயாளிகள். ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். கொலைட்டிஸ் ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதலாகக் காணப்பட்டது.

அரிய நோய்தான். ஆனால் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்தின் லுதியானா மருத்துவர்கள், நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திருக்காமல் மக்களிடமே போய் விசாரித்தார்கள். 2003இல் வெளிவந்த ஆய்வு அது. 51,910 பேரிடம் கேட்டு, சந்தேகமானவர்களைச் சோதித்ததில் 23 பேருக்கு நோய் இருந்தது. ஒரு இலட்சத்துக்கு 44.3. வேறு நாடு, வேறு மக்கள், வேறு உணவு. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வைத்தியசாலைக்கு வந்தவரை மட்டும் எண்ணினால் வராதவர் கணக்கில் விழமாட்டார் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். நம் ஊரில் எத்தனை பேர் இந்த நேரம் "மூலம்" என்ற பெயரில் பரிசாரி மருந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சரி, புற்றுநோய்ப் பயத்துக்கு வருவோம். அழற்சிப் பொலிப் புற்றுநோயாக மாறுவதில்லை என்றே சொல்லலாம். முன்னர் இந்தப் பொலிப் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்புக் கூடுதல் என்று மருத்துவர்களே கருதினார்கள். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பேருக்கு இந்தப் பொலிப்புகள் இருந்தன. ஆனால் பொலிப் இருந்த ஒரே காரணத்தால் அவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை.

இதைக் கேட்டுவிட்டு முழுதாக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பொலிப் ஆபத்தில்லை, ஆறாத அழற்சி ஆபத்து. பெருங்குடலின் பெரும்பகுதியில் பல வருடம் புண் எரிந்துகொண்டே இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு உண்மையிலேயே கூடும். அதனால்தான் நோய் தொடங்கி ஏறத்தாழ 8 வருடமானபின் குறித்த இடைவெளியில் கொலனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். பொலிப்புகள் நிறைய இருந்தால் அவற்றின் நடுவே தவறான ஒன்று ஒளிந்திருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம், அதற்காகவும் கவனமாகப் பார்ப்பார்கள். ஆகவே "கென்சராம்" என்று பயந்து கிளினிக்கை விட்ட அந்தக் குடும்பம், உண்மையில் புற்றுநோயில் இருந்து காக்கிற வழியைத்தான் அடைத்தது.

சிகிச்சை என்ன? அழற்சியை அடக்குவதுதான் முதல் சிகிச்சை. மெஸலஸீன், சல்ஃபாசலஸீன் மாத்திரைகள், தேவைப்பட்டால் பின்வழியாக வைக்கும் மருந்து. நோய் கூடினால் கொஞ்சக் காலத்துக்கு ஸ்டீரொய்ட். 1955இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 210 நோயாளிகளில் கோர்ட்டிசோனைச் சோதித்துக் காட்டும்வரை, கடுமையான கொலைட்டிஸ் பலருடைய உயிரை எடுத்த நோய். ஆனால் ஸ்டீரொய்ட் நெருப்பை அணைக்கத்தான், காலமெல்லாம் எடுப்பதற்கல்ல. டொக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதற்கும் அடங்காதவர்களுக்கு அசதயோபிரின், இன்ஃப்ளிக்ஸிமப் போன்றவை உண்டு. இவற்றுக்கு முன்னும் பின்னும் இரத்தச் சோதனை, காசநோய்ச் சோதனை வேண்டும். எதற்கும் அடங்காத சிலருக்குப் பெருங்குடலை அகற்றும் சத்திரசிகிச்சை வரும். அதுவும் வாழ்வின் முடிவல்ல.

பொலிப்பை வெட்ட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. இரத்தம் வடிந்துகொண்டிருந்தால், வழியை அடைத்தால், அல்லது பார்வைக்குச் சந்தேகமாக இருந்தால் கொலனோஸ்கோபி வழியாகவே எடுப்பார்கள். ஒன்றரை சென்ரிமீற்றரைத் தாண்டிய பெரிய அழற்சிப் பொலிப்புகள் மிக அரிது. அவை பார்ப்பதற்குப் புற்றுக்கட்டி போலவே இருக்கும், சில நேரம் குடலை அடைத்துவிடும். அப்போது சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, சுகமாக இருக்கும்போதும் மாத்திரையை விடாமல் இருப்பது. 1965இலேயே இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு சல்ஃபாசலஸீன், மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஒரு வருடத்தில் மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலானோர் சுகமாக இருந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் திரும்பியிருந்தது. அந்தப் பிள்ளை அலுமாரிக்குள் வைத்துவிட்ட மாத்திரையின் பெறுமதி அதுதான்.

இனி எங்கள் கருத்து. சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

முதலாவது, நாங்கள் ஆசிரியர்கள். ஒரு பிள்ளை வெளியே போகக் கேட்டால் விட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எந்தப் பிள்ளை காரணம் சொல்லும்? அடிக்கடி கேட்கிற பிள்ளையைத் தண்டிக்காமல், தனியாகக் கூப்பிட்டு ஒரு ஆசிரியை பேச வேண்டும். மெலிகிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, வகுப்பில் தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டொய்லட்டைப் பூட்டித் திறப்பை ஒஃபிஸில் தொங்கவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஓடிப்போய்த் திறப்புக் கேட்டு வாங்குவதற்குள் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, உம்மாமார், வாப்பாமார். மலத்தில் இரத்தம் என்றால் பெரும்பாலும் மூலமோ வெடிப்போதான். உண்மை, எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் மூலம் என்று முடிவு செய்ய வேண்டியவர் டொக்டர். இரத்தம் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்று நின்று போனால், சளியும் சேர்ந்து போனால், இரவுத் தூக்கத்தில் எழும்பி ஓடினால், எடை குறைந்தால், களைப்பும் வெளுப்பும் இருந்தால் காத்திருக்காதீர்கள். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து தேவையைப் பார்த்து மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். பெண்பிள்ளை என்றால் பெண் டொக்டர் இருக்கிறாரா, சோதனையின்போது பெண் தாதி கூட இருப்பாரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. கேட்கக் கூச்சப்பட்டுப் போகாமல் இருப்பதுதான் தவறு.

மூன்றாவது, ஓதிப்பார்ப்பவர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும். துஆ நோயாளியின் பலம், அதை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓதித் தண்ணீர் கொடுக்கும்போது "டொக்டரிடமும் காட்டு மகள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அந்த வீட்டில் உங்கள் பேச்சுக்கு எங்கள் பேச்சை விடப் பெறுமதி அதிகம். நோன்பு காலமும் அப்படித்தான். நோயாளி வேறு நாளில் நோற்கலாம் என்ற சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. நோய் கூடியிருக்கும்போது டொக்டர் நோன்பு வேண்டாம் என்றால் அந்தச் சலுகையை எடுப்பதில் வெட்கம் எதற்கு? ஸஹருக்கு எழும்பவில்லை என்று பக்கத்து வீட்டார் விசாரிக்கத் தேவையுமில்லை.

நான்காவது, கலியாணத் தரகர்களும் மாப்பிள்ளை வீட்டாரும். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் இந்தப் பெண்கள் கருத்தரித்து ஆரோக்கியமான பிள்ளை பெறுகிறார்கள். டொக்டரின் கவனிப்பு வேண்டும், அவ்வளவுதான். சல்ஃபாசலஸீன் எடுக்கும் ஆண்களுக்கு விந்தணு தற்காலிகமாகக் குறையும், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். நீரிழிவையும் பிரஷரையும் மறைக்காமல் பேசுகிற நாம், குடல் நோயை மட்டும் ஏன் வம்சத்துக்கே இழுக்காக நினைக்கிறோம்? மறைத்துக் கலியாணம் செய்து, மாத்திரையையும் மறைத்து, கடைசியில் அந்தப் பிள்ளை புதுவீட்டில் இரத்தம் போய்க் கிடப்பது யாருக்கு மரியாதை?

அந்தப் பிள்ளை இப்போது மாத்திரை எடுக்கிறாள். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் இல்லை, மேசைமேல் இருக்கிறது. வாப்பாதான் கூட்டிக்கொண்டு போகிறார். "எனக்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன, அடிச்சிருப்பனா?" என்று அவர் எங்களிடம் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. பரீட்சை ஒரு வருடம் பிந்திவிட்டது. முழுதாகச் சுகம் என்று சொல்ல முடியாது, இது அப்படி ஒரேயடியாகப் போகிற நோயல்ல. இரத்தம் நின்றிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது. வகுப்புக்குத் திரும்பி வந்த முதல் நாள், பாதிப் பாடத்தில் எழும்பி நின்றாள். கேட்கவில்லை, எங்களைப் பார்த்தாள். நாங்கள் தலையை ஆட்டினோம், அவள் போய்விட்டு வந்தாள். இதைச் செய்ய எங்களுக்கு ஒரு வருடம் எடுத்தது என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில், வகுப்பில் இப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே பேசுங்கள். இதைப் பகிர்கிறவர்கள் பகிருங்கள். கீழே பெயர் ஊர் குறிப்பிட்டு யாரையும் எழுத வேண்டாம், தயவு செய்து.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.